பெண் கொடுத்த ஊர்

சண்டை வருமா வராதா என்று சொல்வதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். சிரிக்காதீர்கள். சிறுசேரியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நாலாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, நான் கண்ணால்கூடப் பார்க்காத நாடுகளில் அடுத்த மாதம் ஆள் சாவார்களா மாட்டார்களா என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடுகிறேன். ஒன்று என்றால் நிம்மதி. ஐந்து என்றால் பிணம் விழ ஆரம்பித்துவிட்டது. வெளிநாட்டு அமைப்பு ஒன்று இதை எங்களிடம் வாங்கி, பெரிய பெரிய ஆட்களுக்கு அனுப்புகிறது. அவர்கள் படித்துவிட்டுச் சண்டையைத் தடுப்பார்களாம். ஆறு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். நாங்கள் நாலு போட்டது பலமுறை ஐந்தாகியிருக்கிறது. நாலு போட்டு, யாரோ தலையிட்டு, அது மூன்றாக இறங்கி நான் பார்த்ததே இல்லை.

நான் குடியிருப்பது செம்பாக்கத்தில், ஏரிக்குப் பின்னால் ஒரு அபார்ட்மெண்ட். தனிக்கட்டை. என் வேலையைப் பற்றிக் கேட்ட கீழ்வீட்டு சார், "அப்ப கிளி ஜோசியம்னு சொல்லும்மா" என்றார். கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அதுகூட இல்லை. கிளியாவது ஒரு சீட்டை எடுத்துப் போட்டுவிட்டு நெல்லைத் தின்னப் போய்விடும்.

எதைப் பார்த்தால் மதிப்பெண்ணை ஏற்ற வேண்டும் என்று எங்களிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. வங்கி வாசலில் கூட்டம், எல்லைப் பக்கத்துப் பள்ளிகளுக்குத் திடீர் விடுமுறை, ரேடியோவில் ஒரு ஜனத்தையே பூச்சி, புழு என்று திட்டுவது, இப்படி. அதில் ஒன்று, தூதரகத்து ஆட்கள் தங்கள் பெண்டாட்டி பிள்ளைகளைச் சொந்த நாட்டுக்கு அனுப்பிவிடுவது. அதைப் பார்த்தால் யோசிக்காமல் நாலு போடலாம். ஒரு முறை இரண்டு நாடுகளுக்கு நடுவில் அப்படி நடந்தபோது நான் ஒரு குறிப்பு எழுதினேன். குடும்பங்கள் கிளம்பியதைப் பார்த்த எதிர்த்தரப்பு, தாக்குதல் உறுதி என்று நினைத்து முந்திக்கொண்டது; அவர்கள் கிளம்பாமல் இருந்திருந்தால் பேச இன்னும் ஒரு வாரம் கிடைத்திருக்கும் என்று. டீம் லீடு அதைப் படித்துவிட்டு, "சூப்பர் அனாலிசிஸ்ங்க" என்று எல்லாருக்கும் அனுப்பினார். நானும் தலையில் கொம்பு முளைத்த மாதிரி இரண்டு நாள் திரிந்தேன்.

இதை எழுதிய கைதான் அதைச் செய்தது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

நான் மீன்பிடிக் குடும்பத்துப் பெண். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய குப்பம் எங்கள் ஊர். எனக்கு ஏழு வயதிருக்கும்போது அம்மா செத்துப்போனாள். பத்து வயது மூத்த அக்காதான் என்னை வளர்த்தாள். மீன் விற்க அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் சேலையூர் வரைக்கும் வருவாள். கேம்ப் ரோட்டுத் தெருக்களில் அவள் குரல் கேட்டால் பூனையெல்லாம் மதில்மேல் வந்து உட்காரும். நான் தாம்பரத்தில் விடுதியில் தங்கிப் படித்தபோது வாரத்துக்கு ஒரு தரம் வந்து நிற்பாள். மீன் கவுச்சி என்று வார்டன் உள்ளே விட மாட்டார். கேட்டுக்கு வெளியே நின்றபடியே வறுத்த நெத்திலியைப் பொட்டலமாக நீட்டுவாள். "ஒழுங்கா துன்னுட்டு ஒழுங்கா படி. இல்லாங்காட்டி கூடைய ஒன் தலையில வெச்சிடுவேன்" என்பாள். நான் ஒழுங்காகத் தின்றேன், ஒழுங்காகப் படித்தேன்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது பக்கத்து ஊரில். பக்கம் என்றால், நடுவில் ஒரு முகத்துவாரம், அவ்வளவுதான். மழைக்காலத்தில் தண்ணீர் திறந்துகொண்டு ஓடும். கோடையில் மணல் அடைத்துக்கொள்ளும், நடந்தே போய்விடலாம். இந்த இரண்டு ஊரும் காலம் காலமாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள். காலம் காலமாகச் சண்டை போடுகிற ஊர்களும் அவைதான். அங்கே ஒரு சட்டம் உண்டு. எழுதி வைத்ததில்லை. சண்டை மூண்டால், அது முடியும் வரைக்கும் கட்டிக்கொடுத்த பெண்கள் பிறந்த வீட்டுக்குப் போகக்கூடாது. நல்லதுக்கும் போகக்கூடாது, கெட்டதுக்கும் போகக்கூடாது. இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்படி ஒரு சண்டை மாதக்கணக்கில் நடந்தது. அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா செத்துப்போனாள். எதிர் ஊரில் வாக்கப்பட்டிருந்த அவள் மகளை விடவில்லை. முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவள் மாரில் அடித்து அழுதாள். இந்தப் பக்கம் பாடை போனது. நடுவில் இடுப்பளவுத் தண்ணீர். இவர்களெல்லாம் மனுஷ ஜென்மமா என்று அன்றைக்கு என் மனசில் விழுந்ததுதான். இத்தனை நாள் சண்டையிலும் ஒரு உயிர்கூடப் போகவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. அழுத மகளை மட்டும்தான் பார்த்தேன்.

போன வருஷம் கோடையில் மறுபடி ஆரம்பித்தது. இந்தத் தடவை சுருக்குமடி வலை. குஞ்சு குளுவான் ஒன்று விடாமல் வளைத்து அள்ளுகிற பெரிய வலை அது, சட்டப்படி கூடாது. அக்கா ஊர்க்காரர்கள் போட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் அவர்களுடைய போட்டைக் கடலிலேயே மடக்கி எஞ்சினோடு இழுத்து வந்து கரையில் கட்டிவிட்டார்கள். மீட்க வந்தவர்களில் ஒருவனுக்குத் துடுப்பால் அடி விழுந்து மண்டை பிளந்தது. போலீஸ் ஜீப் இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று பந்தோபஸ்துக்குப் போய்விட்டது.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா எங்கள் ஊர் நிர்வாகிகளில் ஒருவர். போன் பண்ணிக் கேட்டால், "ஒண்ணும் இல்லமே, ஒன் வேலைய பாரு" என்பார். ஆனால் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் நான் இருக்கிறேனே! இளவட்டங்களின் வாய்ஸ் மெசேஜ்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. ஆபீஸ் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். "ஒருத்தனையும் வுடக்கூடாதுடா" என்கிறது ஒரு குரல். அது எனக்குச் சின்ன வயதில் சைக்கிள் சொல்லிக்கொடுத்தவனின் குரல். மேடவாக்கம் தாண்டுவதற்குள் என் மனசில் மூன்று போட்டேன். சோழிங்கநல்லூரில் நாலாக்கினேன். அக்காவும் அவளுடைய இரண்டு பெண்களும் அந்த ஊரில் இருக்கிறார்கள். பெரியவள் பிளஸ் ஒன், சின்னவள் ஏழாவது. எங்கள் ஊர் ஆட்கள் போய் இறங்கினால் எந்தக் கூரை யாருடையது என்று பார்த்தா கொளுத்துவார்கள்?

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அக்காவுக்குப் போன் போட்டேன். "பசங்களைக் கூட்டிட்டு வீட்டுக்கு வந்துடுக்கா."

"அதெல்லாம் வரக்கூடாதுமே. சண்டை நடக்கசொல்ல பொறந்த வூட்டுப் பக்கம் போவக்கூடாதுனு ஒனக்குத் தெரியாதா?"

"உங்களைப் பணயமா வெச்சு விளையாடுறாங்கக்கா. புரியலையா உனக்கு?"

"பணயமோ இன்னாவோ. நான் இங்க கீறேன்றதாலதான், 'எம் பொண்ணு அங்க கீறா'னு சொல்லி நைனா அங்க நாலு பேர அடக்கிகினு கீறாரு. 'எங்க மாமியார் வூடு அங்க கீது'னு சொல்லி ஒங்க மாமா இங்க அடக்கிகினு கீறாரு. நான் எழுந்து வந்துட்டேன்னா ரெண்டு பேருக்கும் பேச வாய் ஏது?"

இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? எங்கள் ஆபீஸில் ஒரு மாதம் உட்கார்ந்து எழுதுகிற அறிக்கையை அவள் ஒரு நிமிஷத்தில் சொன்னாள். எனக்கு ஏறவில்லை. முகத்துவாரத்தில் நின்று அழுதவளின் முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. "நீ செத்துப்போயிட்டா நான் என்னக்கா பண்ணுவேன்?" என்று கத்தினேன்.

"செத்தா தூக்கிப் போடு. வெய்யி போன, கொழம்பு தீயுது" என்றாள்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மறுநாள் காலை எட்டு மணிக்கு மறுபடி கூப்பிட்டு, "நைனா நேத்து சாயந்திரம் என்னைப் பாக்க வந்தாருக்கா. நெஞ்சு வலி. தாம்பரத்துல ஆஸ்பத்திரில சேத்திருக்கேன். உன்னையும் பசங்களையும் பாக்கணுங்கறாரு. ரெண்டு நாளைக்குத் துணி எடுத்துக்க, கார் அனுப்புறேன்" என்றேன். எல்லாம் பொய். நைனா ஊரில் நன்றாகத்தான் இருந்தார். அவரிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவார் என்று தெரியும். "தோ வந்துட்டேன்" என்றாள் அக்கா. அந்தக் குரலை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

கார் போய் நின்றது ஒன்பது மணிக்கு. போட்டெல்லாம் கரை சேர்ந்து, பெண்கள் மொத்தப் பேரும் மணலில் குந்தி மீன் பிரிக்கிற நேரம். அத்தனை பேர் கண்ணுக்கு முன்னால், ஒரு பெரிய பை, இரண்டு பெண் பிள்ளைகளோடு அக்கா காரில் ஏறினாள். கேட்டவர்களிடம் நைனாவுக்கு முடியவில்லை என்றாள். அங்கே எங்கள் ஊரில் பிறந்த இன்னொருத்தி இருக்கிறாள். அவள் பதறிப்போய்த் தன் தம்பிக்குப் போன் போட்டு விசாரித்திருக்கிறாள். "யாரு சொன்னது? வல பின்ற கூடத்துல குந்திகினு டீ குடிச்சிகினு கீறாரு" என்று அவன் சொல்லிவிட்டான். அவன் மேல் என்ன தப்பு? உண்மையைச் சொன்னான்.

அரை மணி நேரத்தில் அந்த ஊர் முழுக்க அர்த்தம் பண்ணிக்கொண்டது. நிர்வாகி வீட்டுப் பெண்ணையே பொய் சொல்லித் திருப்பி அழைத்துக்கொண்டார்கள் என்றால், இன்றைக்கு வந்து இறங்கப்போகிறார்கள். அவர்கள் வருவதற்குள் நாம் முந்திப் போய் இறங்கிவிட வேண்டும். இதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் நான் செம்பாக்கத்தில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். பெரிதாகச் சாதித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

பத்தரை மணிக்கு அக்கா வந்து சேர்ந்தாள். "எந்த ஆஸ்பத்திரி? வா போலாம்" என்று செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றாள். உட்கார வைத்து உண்மையைச் சொன்னேன். திட்டுவாள், அப்புறம் சமாதானமாவாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. "ஐயையோ, இன்னாடி பண்ணி வெச்சிக்கீற!" என்று மாமாவுக்குப் போன் போடப் போனாள். நான் பிடுங்கி அணைத்துவிட்டேன். மாமாவிடம் சொன்னால் திரும்பி வரச் சொல்லிவிடுவார் என்பதுதான் என் கவலை. அக்காவின் உயிர் ஒன்றுதான் என் மண்டையில் இருந்தது. வேறு எதற்கும் அதில் இடமில்லை.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் வீட்டுக்காரர். போட் எஞ்சின் ரிப்பேரில் கெட்டிக்காரர். இரண்டு ஊர் எஞ்சினும் அவர் கைக்குத்தான் வரும். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து என்னைக் கலெக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். "இன்னா கலெக்டரம்மா, இன்னிக்கு எந்த நாட்டுக்கு எவ்ளோ மார்க்கு? எங்க ரெண்டு ஊருக்கும் சேத்து ஒரு மார்க்கு போட்டு வுடேன்" என்பார். மார்க்கு போடுகிறவள் ஏதோ விஷயம் தெரிந்தவள் என்று உண்மையிலேயே நம்பினார் அந்த மனிதர்.

பதினொன்றே காலுக்கு என் போன் அடித்தது. மாமா. நான் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"ஒங்கக்கா போனு ஆஃப்ல கீது. மாமனாருக்கு எப்படிமே கீது?" என்றார். பின்னால் ஒரே இரைச்சல். "இங்க வேற மாரி பேசிக்கிறாங்க. அவரு அங்க குந்திகினு டீ குடிக்கிறாருன்றாங்க. நீ படிச்ச பொண்ணு. நீ சொல்லு, நான் நம்புறேன்."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் கையைப் பிசைந்துகொண்டு வீட்டிலேயே நின்றிருப்பார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இவரையும் இங்கே வரவழைத்துவிட்டால் குடும்பம் மொத்தமும் தப்பித்துவிடும் என்று நினைத்தேன். "ஐசியூல இருக்காரு மாமா. அக்கா உள்ள இருக்கா. நீங்களும் கிளம்பி வந்துடுங்க" என்றேன்.

"செரி செரி. மொதல்ல இவங்களாண்ட சொல்லி நிறுத்திட்டு வரேன்" என்று வைத்துவிட்டார்.

உள்ளே வந்தால் அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். "நான் போயி அந்த மணல்ல நின்னா போதும். பொண்ணு திரும்பி வந்துட்டானு பாத்தா அடங்கிடுவாங்க. வழிய வுடு." நான் கதவில் சாய்ந்துகொண்டேன். வழிவிடவில்லை. பாடம் நடத்துகிற மாதிரி அவளுக்கு விளக்கம் வேறு சொன்னேன். பெண்களை இப்படிக் கேடயமாக வைப்பது அநியாயம், உன் உயிர் ஊருக்குச் சொந்தமில்லை, இன்னும் என்னென்னவோ. அநியாயம்தான், இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதைப் பேசுகிற நேரமா அது? முக்கால் மணி நேரம் பேசினேன். கடைசியில் சின்னவள் அழ ஆரம்பித்த பிறகுதான் கதவைத் திறந்தேன். ஆட்டோ பிடித்துக் கிளம்பினோம்.

மேடவாக்கத்தில் மெட்ரோ வேலை. ஒரு பக்கம் ரோட்டை அடைத்து வைத்திருந்தார்கள். வண்டி நகரவே இல்லை. அங்கேதான் நைனாவின் போன் வந்தது. நைனா அழுது நான் கேட்டதில்லை, அம்மா செத்தபோதுகூட.

நடந்தது இதுதான். அடைத்திருந்த முகத்துவார மணலில் அந்த ஊர் ஆட்கள் திரண்டு வந்தார்கள். மாமா அவர்களுக்கு முன்னால் ஓடிவந்து, இரண்டு கையையும் விரித்து மறித்திருக்கிறார். "மாமனாரு ஆஸ்பத்திரில கீறாருடா, சண்டைக்கு ரெடியாவுறவன் ஆஸ்பத்திரில படுப்பானா" என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். கொஞ்சம் பேர் நின்றுவிட்டார்கள். அதற்குள் கூட்டத்தைப் பார்த்து எங்கள் ஊரும் திரண்டு வந்தது. முன்னால் வந்தது நைனா. சமாதானம் பேசத்தான் வந்தார், பாவம். மாமா திரும்பிப் பார்த்தார். "மாமா, நீ இங்கயா கீற?" என்று நைனாவைக் கேட்டாராம். அவ்வளவுதான். அவர் பின்னால் நின்ற அத்தனை பேரும் நைனாவைப் பார்த்தார்கள். முதல் கல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று இன்றைக்கும் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். மாமா மணலிலேயே செத்துப்போனார். எங்கள் ஊரில் எனக்குச் சித்தப்பா முறை ஒருவரும் போனார். பக்கத்துக்கு ஒன்று.

கடலில் தொழில் செய்கிற ஊர்களில் ஒரு வழக்கம். ஊரில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கு ஒரு போட்டும் கடலுக்குப் போகாது. மாமாவின் உடலை ஆஸ்பத்திரியில் அறுத்துக் கொடுத்த நாளில் அவருடைய ஊரிலிருந்து எல்லாப் போட்டும் போயின. அவர் தெரிந்தே பொய் சொன்னார், பெண்டாட்டி பிள்ளைகளை முன்னாடியே அனுப்பிவிட்டு, மாமனார் ஊர் தயாராகிறவரைக்கும் தங்களைப் பிடித்து நிறுத்தி வைத்தார் என்று அந்த ஊர் முடிவு கட்டிவிட்டது. ஊர் மயானத்தில் இடம் இல்லை என்று சொல்லியனுப்பினார்கள். எங்கள் ஊரிலும் எடுத்துக்கொள்ளவில்லை. செம்பாக்கத்துப் பக்கம் ஒரு சுடுகாட்டில் அக்கா, நைனா, நான், இரண்டு பிள்ளைகள், ஐந்து பேர் நின்று எரித்தோம். அலைச் சத்தம் கேட்காத இடத்தில் அவர் ஒரு ராத்திரி தூங்கியது கிடையாது என்று அக்கா சொல்லிச் சொல்லி அழுதாள்.

இருபது நாள் கழித்து அரசு அலுவலகம் ஒன்றில் சமாதானக் கூட்டம் போட்டார்கள். இரண்டு ஊர் நிர்வாகிகளும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வலையைப் பற்றிப் பேச்சு எடுத்தால் மறுபடி அடிதடி. முதல் கல்லைப் பற்றிப் பேசினாலும் அடிதடி. கடைசியில் இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயத்தைத் தாளில் எழுதினார்கள்: இறந்துபோன ஒரு தனிநபர் பரப்பிய தவறான தகவலே மோதலுக்குக் காரணம், இரு கிராமத்தாருக்கும் இடையில் வேறு விரோதம் இல்லை. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். நைனாவும் போட்டார். போட்டுவிட்டு வந்து, "வேற வழி தெர்லமே. அவரு போயிட்டாரு, கீறவங்க கீட்டுமேனு போட்டேன்" என்றார். அக்காவிடம் நான் பொய் சொன்னதை அவரிடமும் ஒத்துக்கொண்டிருந்தேன். ஆனால் மாமாவோடு போனில் பேசியதை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை. உண்மை தெரிந்த பிறகும் கூட்டத்தை நிறுத்துவதற்காகத்தான் மாமா அப்படிச் சொன்னார் என்று நைனாவும் அக்காவும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரமே வேலைக்குப் போனேன். மோதலையும் இந்தச் சமாதானத்தையும் பற்றிய பத்திரிகைச் செய்தி என் திரைக்கே வந்தது. தமிழ்ச் செய்தியெல்லாம் என்னிடம்தான் வரும். இறப்பு இரண்டு, வகை உள்ளூர் மோதல். தூண்டிய நிகழ்ச்சி என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்ததற்குப் போக முடியாது. மீன்பிடி வலைத் தகராறு என்று அடித்துவிட்டு அடுத்த நாட்டுக்குப் போனேன்.

அக்காவும் பிள்ளைகளும் என்னோடுதான் இருக்கிறார்கள். புருஷன் ஊரில் அவளைச் சேர்க்க மாட்டார்கள். புருஷனைக் கொன்ற ஊரில் அவள் கால் வைக்க மாட்டாள். பிள்ளைகளைச் சேலையூர்ப் பள்ளியில் சேர்த்திருக்கிறேன். அக்கா என்னோடு பேசுவாள். உப்பு இல்லை, கேஸ் தீர்ந்துவிட்டது, அந்த அளவுக்கு.

மூன்று மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை, போலீஸ் ஸ்டேஷனில் மாமாவின் போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். பெரியவளுக்கு அதைத் திறக்கத் தெரியும். மறுநாள் காலையில் சார்ஜ் போட்டுத் திறந்தார்கள். அன்றைக்குப் பேசிய கணக்கு வரிசையாக இருந்தது. அக்காவின் எண்ணுக்கு ஒன்பது முறை போட்டு எடுக்கவில்லை. அதற்குப் பிறகு கடைசியாக என் எண். அது மட்டும் எடுத்திருந்தது.

அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "இன்னாடி பேசுனாரு?"

எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன். அவள் அடிக்கவில்லை.

"அப்ப அவரு பொய் சொல்லல."

"இல்லக்கா."

"நீ சொன்னத நம்பி அங்க போயி நின்னாரு."

"ஆமாக்கா."

அவள் முகத்தில் மூன்று மாதமாக இல்லாத ஏதோ ஒன்று வந்தது. சந்தோஷம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் அதுதான். "எழுந்திரு. பொடவ மாத்திகினு வரேன். எங்கூட அந்த ஊருக்கு வந்து, அல்லாரு முன்னாடியும் இத்த அப்படியே சொல்லு. அவர ஏமாத்துக்காரன்றாங்க, ஊர வித்தவன்றாங்க. பசங்க நாளைக்கு எங்க போனாலும் அந்தப் பேருதான் முன்னாடி போயி நிக்கும். நீ சொன்னா போயிடும்."

"அக்கா, கொஞ்சம் கேளு" என்றேன். "அந்தத் தாள்ல எல்லாரும் கையெழுத்துப் போட்டதே தப்பு மாமா மேலன்னுதான். மாமா இல்ல, நான்தான்னு போய்ச் சொன்னா, நிர்வாகி பொண்ணு சொன்ன பொய்யின்னு ஆயிடும். நைனாதான் சொல்லச் சொன்னாருன்னுவாங்க. நம்ம ஊரே திட்டம் போட்டுச் செஞ்சதுன்னுவாங்க. மறுபடியும் கிளம்பி வருவாங்க. நைனாவை விடமாட்டாங்கக்கா. இன்னும் எத்தனை பேர் போவாங்கன்னு தெரியாது."

நான் சொன்னது சரிதான். எத்தனையோ தடவை நாலு போட்ட அனுபவத்தில் சொல்கிறேன், அது நடக்கும். அந்த ஊர் நடுவில் நின்று அத்தனை கண்ணையும் பார்த்துப் பேச எனக்குப் பயமாக இருந்தது என்பதும் சரிதான். இரண்டில் எது என்னை நாற்காலியோடு கட்டிப் போட்டது என்று எனக்கே தெரியவில்லை.

அக்கா என்னையே பார்த்தாள். "அன்னிக்கும் இப்படித்தான் கதவாண்ட நின்னுகினு விவரமா பேசுன" என்றாள். பிறகு, "ஆளுதான் பூட்டாரு. பேரும் போவணுமா?" என்றாள்.

அவள் உள்ளே போனாள். கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போகிற நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, தலை வாரி, வாசலில் வந்து நின்றாள். பிள்ளைகள் இரண்டு பேரும் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வெகுநேரம் நின்றாள். நான் எழுந்திருக்கவில்லை. அப்புறம் அவள் உள்ளே போய்ப் புடவையை மடித்து வைத்துவிட்டு, நைட்டியை மாட்டிக்கொண்டு வந்து, மத்தியானச் சமையலுக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.

அந்த இரண்டு ஊருக்கும் நடுவில் அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு கல்கூட விழவில்லை.